குழவியின் அச்சமும் தாய்மடியும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் இடங்களாகத் தெய்வம், விலங்கு, கள்வர், அரசன் என்னும் நான்கினைக் காட்டினார். கடல் அவற்றுள் ஒன்றன்று. நெய்தல் நிலத்தாருக்குக் கடல் வாழ்வளிக்கும் பொருளாகவே இருந்து வந்தது. ஆயின், 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாட் காலையில் எழுந்த ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் முதலாய ஊர்களின் கரையோரத்தை அழித்தது. இலங்கை மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறையே. ஆங்கு மாண்டோர் தொகை 10,000 இற்கும் மேற்பட்டது. இத்தகைய பேரிடரிற் பிழைத்த இரண்டு மூன்று வயதுக் குழவியின் அச்சத்தை நீக்குவது எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

வளர்ந்தோர் தம் அச்சத்தைச் சொல்லால் வெளியிடுவர். சொல் நிரம்பாத குழவியோ அதனை உடலாலும் ஒழுக்கத்தாலும் வெளியிடுகின்றது. இரவில் அலறி எழுதல், உம்மாவின் முந்தானையை விடாது பற்றுதல், பழகிய சொற்களையும் மறந்தாற்போலிருத்தல், விட்டொழித்த விரற்சூப்புதலை மீண்டும் தொடங்குதல், குளிக்க வார்க்கும் நீருக்கும் நடுங்குதல் ஆகியன அதன் குறிகளாம். இவற்றைப் பிடிவாதமென்று கருதி அடிப்பது தவறு. சிறு குழந்தையாதலின் தானே மறந்துவிடுமென்று வாளாவிருப்பதும் தவறே. நிகழ்ந்ததை எடுத்துரைக்க இயலாதெனினும், ஓசையும் ஈரமும் அதற்கு அந்நாளை நினைவூட்டும்.

இவ்வச்சம் நீங்கும் வழியை உளநூலார் ஆராய்ந்துள்ளனர். 1924 இல் அமெரிக்கப் பெண் அறிஞர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அஞ்சிய பீற்றர் என்னும் சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் விரும்பிய உணவை உண்ணும் வேளையில் முயலைத் தொலைவில் வைத்து, நாடோறும் சிறிது சிறிதாக அண்மையிற் கொணர்ந்தனர். அஞ்சாத பிற சிறுவரும் உடனிருந்தனர். இடையில் ஒரு பெரிய நாய் அவனை வெருட்டவே பழைய அச்சம் மீண்டது. மீண்டும் பொறுமையுடன் தொடங்கி, ஈற்றில் அவன் முயலைத் தொட்டு விளையாடக் கண்டனர். இரண்டாம் உலகப்போரிற் குண்டுவீச்சுக்குள்ளான இலண்டனிற் குழந்தைகளைப் பேணிய அன்னா புரொய்டும் டொரதி பேர்லிங்ஹாமும் மற்றோர் உண்மையைக் கண்டனர். அமைதியுள்ள தாயுடன் இருந்த குழந்தை குண்டொலியையும் தாங்கிற்று. தாயைப் பிரிந்த குழந்தையோ பாதுகாப்பான இடத்திலும் வாடிற்று. தாய் நடுங்கினால் குழந்தையும் நடுங்கிற்று.

ஆகவே, மருந்து இரண்டு கூறுடையது: ஒன்று அஞ்சாத மடி, மற்றொன்று அவசரமற்ற அணுக்கம். கடலுக்கு அஞ்சும் குழந்தையை வலிந்து அலைவாய்க்கு இழுத்துச் செல்லலாகாது. முதலிற் கிண்ணத்து நீரில் விளையாடட்டும். பின்னர் மணலும் சிப்பியும் கையில் ஏறட்டும். மூத்தம்மாவின் இடுப்பிலிருந்தவாறு தொலைவில் நின்று கடலைக் காணட்டும். ஒவ்வோரடியும் குழந்தை விரும்பிய பின்னரே எடுத்துவைக்கப்பட வேண்டும். ஓரடி பின்வாங்கினும் தோல்வியன்று.

இம்மருந்திற்குரிய மடிகள் கீழ்க்கரையின் குடியமைப்பிலேயே உள்ளன. மணமானபின் கணவன் மனைவியின் வீட்டிற் குடிபுகுவது இப்பகுதி முஸ்லிம்களிடத்தும் தமிழரிடத்தும் வழக்கம். வீடு பெண்ணுக்குச் சீதனமாதலின், தாயின் தாயும் உடன்பிறந்த பெண்டிரும் அயலிலேயே வாழ்வர். உம்மா துயரால் சோர்ந்தவிடத்துச் சாச்சியின் மடி உண்டு. பயந்த கோளாறென்று கூறி நீர் ஓதிக் கொடுக்கும் வேளையிலும், குழந்தை உற்றார் கைகளில் அணைந்திருத்தல் அதற்கு ஆறுதலாகும்.

பேரலையோ இச்சீதன வீடுகளையே அழித்தது. கிழக்குக் கரையில் 200 மீற்றர் எல்லைக்குள் வீடமைத்தலாகாதென முதலில் விதித்த அரசு, பின்னர் அதனைத் தளர்த்திற்று. நெருங்கிய குடியிருப்பும் நிலக்குறைவும் உடைய இவ்வூர்களில், அயலயலே வாழ்ந்த உறவினரை மீண்டும் ஒருங்கே குடியமர்த்தல் அரிதாயிற்று. புதுவீட்டின் சுவர் மழையைத் தடுக்கும்; அயலிலிருந்த மூத்தம்மாவை அது ஈடுசெய்யாது. மீள்குடியேற்றத்தில் உறவுக் குடும்பங்களைப் பிரியாது வைத்தல் குழந்தை மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பதை ஆட்சியாளர் உணர்தல் வேண்டும்.

ஒரு திங்கள் கடந்த பின்னரும் குழந்தை உண்ணாமலும் உறங்காமலும், விளையாட்டிற் கலவாமலும் இருப்பின் மருத்துவரை நாடல் கடன். தாயின் உறக்கமின்மையையும் துயரையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். தாயைத் தேற்றாது சேயைத் தேற்றல் அரிது.