வெட்டவா, கீறவா?

காட்டாக்கடையிலோ வெள்ளறடையிலோ இரும்புக் கடைக்குப் போய்க் கோடாலி கேட்டால், விவரம் தெரிந்த கடைக்காரர் விலை சொல்வதற்கு முன் ‘வெட்டவா, கீறவா?’ என்று கேட்பார். மரத்தைக் குறுக்கே துண்டாக்குவது வெட்டு. துண்டாகிய தடியை நெடுக்கே பிளப்பது கீறல். இந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் வாங்கும் கோடாலி சீக்கிரமே பரணுக்குப் போய்விடும்.

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது அம்பூரி. இக்கரையில் ரப்பர்த் தோட்டங்கள், மரச்சீனி விளைகள். நெய்யாறு அணையின் நீர்ப்பரப்பைத் தாண்டினால் காணிக்காரப் பழங்குடியினரின் குடியிருப்புகள், அதற்கப்பால் அகத்தியமலைக் காடு. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களிலும் எல்லை தாண்டிய குமரி மாவட்டத்து மலையோரங்களிலும் கோடாலி அன்றாடம் புழங்கும் கருவி. இப்போது யூடியூபில் ‘புஷ்கிராஃப்ட்’ பார்த்து ஆசைப்படும் இளைஞர்கள் பொழுதுபோக்குக்காகவும் அதை வாங்குகிறார்கள். கிடைக்கும் கம்பையும் கொடியையும் கொண்டு குடில் கட்டுவது, தீக்குச்சியில்லாமல் தீ மூட்டுவது, வில் பழகுவது எல்லாம் இந்தக் கலையில் அடக்கம். இவற்றில் முதலில் கைக்கு வருவது கோடாலி என்பதால் அதிலிருந்தே தொடங்கலாம்.

ஆப்பும் நெம்புகோலும்

மரம் என்பது நெடுக்கே அடுக்கிய நார்களின் கட்டு. நார்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது எளிது. குறுக்கே அறுப்பது கடினம். ஆகவே வெட்டும் கோடாலிக்கு மெல்லிய வாய் வேண்டும். அதன் கூர்க்கோணம் ஏறக்குறைய 25 டிகிரி. வாயிலிருந்து மேலேறும் கன்னங்களும் ஒல்லியாக இருந்தால்தான் அது ஆழமாக இறங்கும். கீறும் கோடாலி இதற்கு நேர்மாறு. அதன் வாய் நார்களுக்கு நடுவே ஒரு வழி திறந்தால் போதும். மிச்ச வேலை தடித்த கன்னத்துக்கு. 35 டிகிரிக்கு மேல் அகன்ற அந்த ஆப்பு நார்களை இருபுறமும் தள்ளி விரிக்கும். வெட்டும் கோடாலியால் கீறப் போனால் வாய் தடிக்குள் புதைந்து சிக்கிக்கொள்ளும். கீறும் கோடாலியால் வெட்டப் போனால் மரம் நசுங்குமே தவிர அறாது.

அடுத்தது எடை. கனமான கோடாலியே நல்ல கோடாலி என்ற எண்ணம் பரவலாக உண்டு. இயற்பியல் வேறு கணக்குச் சொல்கிறது. தலையின் எடை இரு மடங்கானால் அடியின் ஆற்றல் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானாலோ ஆற்றல் நான்கு மடங்கு. கை சோராமல் வேகமாக வீசக்கூடிய எடையே சரியான எடை. ஒரு கையால் பிடிக்கும் சிறு கோடாலிக்குத் தலை 500 முதல் 700 கிராம் போதும். இரு கையால் வீசும் நடுத்தரக் கோடாலிக்கு ஒரு கிலோ அளவில் தலையும் 60 முதல் 65 சென்டிமீட்டர் காம்பும் பொருந்தும். பெருமரம் சாய்ப்பதற்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேலும், கீறுவதற்கு இரண்டரைக் கிலோ வரையிலும் அதற்கு மேலும் தலைகள் உண்டு. முதல் கோடாலி வாங்குகிறவருக்கு நடுத்தரம்தான் ஏற்றது. சிறு கம்பும் வெட்டலாம், கணுவில்லாத விறகும் கீறலாம்.

கோடாலிக்குக் காம்பு வந்தது மிகவும் பிற்பாடு. 1863-இல் சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கல் கோடாலி, உள்ளங்கையில் பொத்திப் பிடிக்கும் வகை. அதிரம்பாக்கத்தில் கிடைத்த இத்தகைய கருவிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. மனிதன் தன் வரலாற்றின் பெரும்பகுதியைக் காம்பில்லாக் கோடாலியுடனே கழித்திருக்கிறான். காம்பு சேர்ந்ததும் கை நீண்டு, தலையின் வேகம் பல மடங்கு ஏறியது. அதனால்தான் இன்றும் கோடாலியில் பாதி விஷயம் காம்பில் இருக்கிறது.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

முதலில் காம்பின் நுனியைப் பாருங்கள். அங்கே மர ரேகைகள் கோடு கோடாகத் தெரியும். அவை வாயின் போக்கிலேயே, வாயிலிருந்து முதுகை நோக்கி ஓடினால் காம்பு அடியைத் தாங்கும்; குறுக்கே ஓடினால் முறியும். பக்கவாட்டில் பார்த்தால் ரேகை காம்பின் முழு நீளத்துக்கும் ஓட வேண்டும். பாதியில் விளிம்பை விட்டு வெளியேறும் ரேகை, முறியப்போகும் இடத்தை இப்போதே காட்டிவிடுகிறது. அமெரிக்காவில் ஹிக்கரி, ஐரோப்பாவில் ஆஷ். நம் பக்கம் புளி, வேங்கை போன்ற வலிய மரங்களைச் செதுக்கிப் போடுகிறார்கள். பளபளவென்று வார்னிஷ் பூசிய காம்பு கண்ணுக்கு அழகு, வேர்த்த கைக்கு வழுக்கல்.

பிறகு காம்பைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து அதன் வழியே வாயைப் பாருங்கள். வாய் காம்பின் நடுக்கோட்டில் நிற்க வேண்டும். சற்றே சாய்ந்திருந்தாலும் ஒவ்வொரு அடியும் சாய்ந்தே விழும். தலைத் துளைக்குள் காம்பு இடைவெளியில்லாமல் நிறைந்து, மேலே ஆப்பு இறங்கியிருக்கிறதா என்பதும் முக்கியம். மழைக்காலத்தில் இறுகி நின்ற காம்பு பங்குனி வெயிலில் காய்ந்து சுருங்கும், தலை ஆடத் தொடங்கும். அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவது ஒரு நாள் வைத்தியம். புது ஆப்பு அடிப்பதுதான் தீர்வு.

மூன்றாவது இரும்பு. பட்டறையில் கொல்லர் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையை வாங்கி அடித்து வெட்டுக்கத்தி செய்வதைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஸ்பிரிங் எஃகில் ஏறக்குறைய 0.6 சதவீதம் கரிமம் உண்டு. கூர்மையையும் தாங்கும், அடியையும் தாங்கும். காய்ச்சிய எஃகு 770 டிகிரி செல்சியஸ் அளவை எட்டியதும் காந்தத்தில் ஒட்டாது. அதைத் தாண்டிச் சற்றுச் சூடேற்றி எண்ணெயில் முக்குவது தோய்ச்சல். அத்தோடு விட்டால் கண்ணாடி போல் உடையும். ஆகவே வாயைத் தேய்த்து வெளுக்க வைத்து, மறுபடி மெதுவாகச் சூடேற்றுவார்கள். வெளுத்த இரும்பில் முதலில் வைக்கோல் மஞ்சள் படரும், பிறகு பழுப்பு, ஊதா, நீலம். கத்திக்கு மஞ்சளிலேயே நிறுத்தலாம். அடி வாங்கும் கோடாலிக்கு ஊதா, நீலம் வரை போனால்தான் வாய் சிம்பாது. இந்த நிறங்களைப் பிசகாமல் படிக்கிற கொல்லர் கிடைத்தால், அவரிடம் சொல்லிச் செய்யும் கோடாலி கடைச் சரக்கைவிட மேல். வாங்கியதைச் சோதிக்க ஓர் அரம் போதும்: வாயில் அரம் வழுக்கிக்கொண்டே போனால் தோய்ச்சல் மிஞ்சிவிட்டது, மெழுகைப் போல் அள்ளினால் தோய்ச்சலே இல்லை, லேசாகக் கடித்துத் தேய்த்தால் சரி.

மரத்துக்குத் தக்க அடி

பழகுவதற்கு அம்பூரிப் பக்கம் ரப்பர் விறகை மிஞ்சியது இல்லை. பால் வற்றிய மரங்களை 25, 30 ஆண்டில் வெட்டி மறுநடவு செய்வதால் விறகுக்குப் பஞ்சமில்லை. நாரும் பெரும்பாலும் நேராக ஓடும். புளியில் நார்கள் பின்னிக் கிடக்கும். கணுவுள்ள புளியந்தடியில் கற்றுக்குட்டி கைவைக்கக் கூடாது. குறுக்கே வெட்டும்போது நேராக அடிக்காமல் 45 டிகிரி சாய்வில் இருபுறமும் மாறி மாறி அடித்துச் சில்லுச் சில்லாக எடுக்க வேண்டும். பள்ளத்தின் அகலம் தடியின் பருமன் அளவுக்கு இருந்தால்தான் கோடாலி அடிவரை போகும்.

சிறு கோடாலி ஆபத்தில்லாதது என்று நினைப்பது தவறு. நீண்ட காம்புக் கோடாலி குறி தவறினால் பெரும்பாலும் தரையில் விழும். குட்டைக் காம்பு முழு வட்டம் சுழன்று முழங்காலுக்கு வரும். அதனால் சிறு கோடாலியை மண்டியிட்டு, எதிரே தாழ்வான மரக்கட்டை போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். வேலை முடிந்ததும் வாய்க்குத் தோலுறை.

வில்லும் வேட்டையும்

வில்லுக்கும் இதே பாடம்தான்: பலத்தைவிடப் பொருத்தம் பெரிது. இழுவிசை கூடிய வில்லை வாங்கித் தோளைக் கெடுத்துக்கொண்டவர்கள் பலர். புதியவருக்கு 16 முதல் 24 பவுண்டு இழுவிசை போதும். அம்பு நாணைவிட்டுப் புறப்படும்போது நேராகப் போவதில்லை. வளைந்து நெளிந்துதான் வில்லைச் சுற்றி வெளியேறும். ஆகவே அம்பின் விறைப்பு வில்லின் விசைக்கு ஒத்துவர வேண்டும். ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தூரத்தில் நிற்கும் 122 சென்டிமீட்டர் பலகையில் பத்துப் புள்ளி தரும் நடுவட்டம் வெறும் 12.2 சென்டிமீட்டர். இந்த விளையாட்டு எதைக் கேட்கிறது என்பது அதிலேயே தெரியும்.

கேரளத்தில் வில்லுக்குப் பெரிய வரலாறு உண்டு. வயநாட்டில் பழசிராஜாவுக்காகக் குறிச்சியப் பழங்குடியினர் தலக்கல் சந்துவின் தலைமையில் வில்லேந்திப் பிரிட்டிஷாரை எதிர்த்தார்கள். திருவனந்தபுரம் பத்மநாபசாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி உற்சவங்களில், ஆறாட்டுக்கு முந்தின இரவு நடக்கும் பள்ளிவேட்டைச் சடங்கில் திருவிதாங்கூர் அரச குடும்பத் தலைவர் அம்பெய்வது ஓர் இளநீரின் மேல்தான். இன்றைய பொழுதுபோக்கு வேட்டைக்காரருக்கும் அதுவே எல்லை. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. மரச்சீனி விளையைக் கிளறும் காட்டுப்பன்றியைச் சுடக்கூட, 2022-இல் கேரள அரசு அதிகாரம் கொடுத்தது உள்ளாட்சித் தலைவர்களுக்கு. அவர்கள் உத்தரவிட்டால், துப்பாக்கி உரிமமுள்ளவர் அதை நிறைவேற்றலாம். தன் விளை என்பதற்காக எவரும் தானாக இறங்கிவிட முடியாது.

நீர்ப்பரப்புக்கு அப்பால் 1958-இல் அறிவிக்கப்பட்ட நெய்யாறு வன உயிரினச் சரணாலயம் 128 சதுர கிலோமீட்டர் விரிந்து கிடக்கிறது. அங்கே அனுமதியின்றி நுழைவதும், ஆயுதத்துடன் நுழைவதும், தீ மூட்டுவதும் குற்றம். சட்டம் ‘ஆயுதம்’ என்று பட்டியலிடுவதில் துப்பாக்கி மட்டுமல்ல, வில், அம்பு, கத்தி, வலை, கண்ணி எல்லாம் உண்டு. யூடியூபில் பார்த்த குடிலைக் கட்ட நினைப்பவர் சொந்த விளையிலோ தெரிந்தவர் தோட்டத்திலோ கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இதை இழப்பாக நினைக்க வேண்டாம். 1987-இல் அகத்தியமலையில் தாவர ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் ஏற்றத்தில் மூச்சு வாங்கியபோது, வழிகாட்டி வந்த காணிக்காரர்கள் ஒரு சிறு செடியின் காயைத் தின்றுகொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டிலுள்ள தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, வருமானத்தில் ஒரு பங்கைக் காணிக்காரர்களுக்கு வழங்கியது உலகெங்கும் பேசப்பட்டது. காட்டில் வாழ்கிறவர்களின் முதல் கருவி எந்தச் செடி எதற்கு, எந்தத் தடம் எதனுடையது என்ற அறிவு. வனத்துறை அனுமதியோடு, காணி வழிகாட்டியோடு நடந்தால் வேட்டைக்காரன் தேடும் பரபரப்பில் பெரும்பகுதியைத் தடம் பார்ப்பதிலேயே பெற்றுவிடலாம்.

ஆகவே வரிசை இது: ஒரு கிலோத் தலையுள்ள நடுத்தரக் கோடாலி ஒன்று, ஓர் அரம், ஒரு சாணைக்கல். ஒரு பருவம் முழுக்க வீட்டு விறகை நீங்களே கீறுங்கள். வாய் தீட்டவும் காம்பு மாற்றவும் கை பழகிய பிறகு சிறு கோடாலி, அதன் பிறகு வில். காட்டுக்குப் போகிற நாளில் இரு கோடாலிகளையும் வில்லையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.