சொந்த லேத்துக்கு எந்த மோட்டார்?

பெங்களூர் பீனியாவிலும் ராஜாஜி நகரிலும் லேத் பட்டறைகளில் கூலிக்குக் கடைசல் பிடிக்கும் தமிழர்களுக்கு ஓர் ஆசை உண்டு. ஊருக்கு அனுப்பியது போக மிச்சம் பிடித்த பணத்தில், பழைய லேத் ஒன்று வாங்கித் தனியாகத் தொழில் தொடங்க வேண்டும் என்பதே அது.

லேத் கிடைத்துவிடும். மோட்டாரில்தான் பணம் கரையும்.

இரும்பு கடைய ஒரே வேகம் போதாது. சாதாரண எச்.எஸ்.எஸ். டூலில் 20 மில்லிமீட்டர் மைல்டு ஸ்டீல் கம்பிக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 480 சுற்று வேண்டும். 200 மில்லிமீட்டர் தட்டுக்கு 48 சுற்றுதான். மீறினால் டூல் முனை கருகிவிடும்.

வாடகை அறையில் இருப்பதோ ஒருமுனை மின்சாரம். அதற்கான கெப்பாசிட்டர் மோட்டாரை வாங்கி, மின்விசிறி ரெகுலேட்டர் மாதிரி எதையாவது மாட்டினால் காயில்தான் சூடேறும்.

கைகொடுக்கும் டிரைவ்

மும்முனை மோட்டாரும், ‘வி.எப்.டி.’ என்ற டிரைவ் பெட்டியும் வாங்குவதே நல்ல வழி. ஒருமுனை மின்சாரத்தை வாங்கி மும்முனையாக்கிக் கொடுக்கும் டிரைவ்கள் இருக்கின்றன. 50 ஹெர்ட்ஸில் 1,440 சுற்று ஓடும் மோட்டார், 25 ஹெர்ட்ஸில் ஏறத்தாழ பாதி வேகத்தில் ஓடும்.

ஆனால் ஒரு சிக்கல். இந்த வகை டிரைவ் பொதுவாகக் கொடுப்பது 230 வோல்ட்தான். கடையில் உள்ள சிறிய மோட்டார்கள் பல, 415 வோல்ட் ஸ்டார் இணைப்பில் வருகின்றன. அப்படியே மாட்டினால் சும்மா சுற்றும். டூல் இரும்பைத் தொட்டதும் திணறி நிற்கும்.

தகட்டில் 230 டெல்டா, 415 ஸ்டார் இரண்டும் போட்டிருக்கிறதா, டெர்மினல் பெட்டியில் ஆறு முனைகள் வெளியே வந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும். மூன்று முனை மட்டும் இருந்தால், காயில் கட்டுபவரிடம் கொண்டுபோய் உள்முடிச்சைப் பிரித்து வெளியே எடுக்க வேண்டும். அது தனிச் செலவு.

பெல்ட்டை எறிய வேண்டாம்

டிரைவ் வந்ததும் படிப்புல்லியைக் கழற்றுவது தவறு. 1 குதிரைசக்தி மோட்டார் 5 ஹெர்ட்ஸில் ஓடினால் கிடைப்பது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சக்தியே. மோட்டாரின் விசிறியும் மெல்லச் சுற்றுவதால் சூடு தணியாது. பெல்ட்டை மாற்றி, பேக் கியர் போட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டு, மிச்சத்தை டிரைவில் வைக்கலாம்.

பழைய டிரெட்மில் மோட்டார் மலிவுதான். மரம் கடைய ஓடும். திறந்த மோட்டாருக்குள் இரும்புத் தூள் புகுந்தால் ஷார்ட் ஆகிவிடும்.

மரையில் மாட்டும் சக் உள்ள லேத் என்றால் டிரைவில் திடீர் பிரேக்கோ, திடீர் ரிவர்ஸோ வைக்கக் கூடாது. ஸ்பிண்டில் நின்றுவிடும், சக் கழன்று ஆள் மேல் வந்து விழும். நிற்கும் நேரத்தைச் சில விநாடிகள் நீட்டி வைக்க அதே பெட்டியில் வசதி இருக்கிறது.