ஜீப்பின் டைமிங் கவரை வீட்டு முற்றத்தில் மாற்றலாமா?

தக்கலையிலிருந்து குலசேகரம், பேச்சிப்பாறை, கோதையாறு என்று மலைப் பக்கம் போகிற பாதையில் பழைய மஹிந்திரா ஜீப்புகளுக்கு இன்னும் வேலை இருக்கிறது. ரப்பர் தோட்டத்து மண்பாதையும் மழையில் வழுக்குகிற ஏற்றமும் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியைத்தான் கேட்கும். இப்படி உழைத்த வண்டிக்கு வயதாகும்போது வருகிற தொல்லைகளில் ஒன்று, இன்ஜினின் முன்பக்கத்தில் ஆயிலோ தண்ணீரோ கசிவது. போல்ட்டை இன்னும் கொஞ்சம் முறுக்குவது, எம்-சீலைப் பிசைந்து அப்புவது, குறைகிற ஆயிலை அவ்வப்போது ஊற்றி ஓட்டுவது என்று பலரும் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. டைமிங் கவர் என்று மெக்கானிக்குகள் சொல்லும் அந்த முன்மூடியை, கருவி பிடிக்கத் தெரிந்த உரிமையாளர் வீட்டிலேயே மாற்றலாம். இன்னும் சொல்லப்போனால், பட்டறையைவிட வீட்டில் நன்றாகச் செய்ய முடிகிற வேலை இது. ஏனென்றால், இந்த வேலைக்கு வேண்டிய முக்கியமான பொருள் நேரம்.

முதலில் அந்த மூடி என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். கிராங்க் ஷாஃப்ட் சுற்றும்போது கேம் ஷாஃப்ட்டையும் சரியான கணக்கில் சுற்ற வைக்கும் பற்சக்கரங்கள் அல்லது சங்கிலி, இன்ஜினின் முன்முகத்தில் இருக்கின்றன. டீசல் வண்டியானால் ஃப்யூவல் பம்ப்பின் ஓட்டமும் அந்தக் கணக்கைச் சார்ந்ததுதான். இவற்றை மூடி, ஆயில் வெளியே வராமலும் மண் உள்ளே போகாமலும் காப்பது டைமிங் கவர். கிராங்கின் முனை வெளியே வருகிற துளையில் ஆயில் சீலைத் தாங்குவதும் அதுவே. எல்லா இன்ஜினிலும் இது ஒரே மாதிரி இருக்காது. பழைய வில்லிஸ் வழி வந்த பெட்ரோல் ஜீப்பில் இது ஒரு இரும்புத் தகடு. பிரிட்டனின் ரோவர் வி8 இன்ஜினில் ஆயில் பம்ப்பே இந்த வார்ப்புக்குள் அடக்கம். அங்கே மூடி தேய்ந்தால் ஆயில் அழுத்தமே குறையும். மஹிந்திரா நிறுவனம் 1979-இல் பிரான்சின் பெஜோவிடம் உரிமம் பெற்றுத் தயாரித்த 2112 சிசி டீசல் இன்ஜின், எம்எம் 540 போன்ற ஜீப்புகளில் வந்தது. ஆகவே ஜீப் என்ற ஒரே பெயரை நம்பி மூடியையோ சீலையோ வாங்கக் கூடாது. இன்ஜின் எண்ணைக் கடையில் சொல்லியே வாங்க வேண்டும்; மாட்டுவதற்கு முன் பழைய மூடியின் துளைகளோடு புதியதை ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும்.

குமரி மாவட்டத்தில் இந்தப் பகுதி சீக்கிரம் பழுதாவதற்கு நம் மழையும் கடற்காற்றும் காரணமாகின்றன. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நனைக்கிற நிலம் இது. குளச்சல், முட்டம் கரைகளும் தூரத்தில் இல்லை. அலுமினிய வார்ப்பில் இறங்கிய இரும்பு போல்ட், உப்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியத்தை அரித்து அதோடு ஒட்டிக்கொள்ளும். ரேடியேட்டரில் கூலண்ட் சேர்க்காமல் கிணற்றுத் தண்ணீரை மட்டும் ஊற்றி ஓட்டுகிற வழக்கம் இதைவிடப் பெரிய கெடுதல். வாட்டர் பம்ப் இந்த மூடியோடு சேர்ந்த இன்ஜின்களில், தண்ணீர் ஓடும் வழி உள்ளேயிருந்தே குழி விழுந்து அரிபடும். அப்படி அரித்த உலோகத்தின்மேல் எதை அப்பினாலும் நிற்காது. அரிப்பு மூடியைத் துளைத்து உட்பக்கம் போனால் தண்ணீர் ஆயிலில் கலக்கும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்துத் தெரிந்தால் வண்டியை அதன் பிறகு ஒரு அடிகூட ஓட்டக் கூடாது. பேரிங்குகளுக்கு ஆபத்து.

கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் இந்த வேலையின் பாதி வெற்றி இருக்கிறது. புல்லியின் பின்புறத்திலிருந்து வட்டமாக ஆயில் தெறித்திருந்தால் சீல் போயிருக்கிறது. மூடியின் ஓரத்தில் இறங்கினால் கேஸ்கெட். மூடி, பிளாக், ஆயில் சம்ப் மூன்றும் சந்திக்கிற கீழ்மூலையில் ஈரம் கட்டினால், அங்கே சம்ப் கேஸ்கெட்டையும் பார்க்க வேண்டும். இன்ஜினின் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் உள்ளே காற்றழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி ஆயில் வெளியே வரும்; அதைச் சுத்தம் செய்யாமல் மூடியை மாற்றிப் பயனில்லை. புல்லியின் கழுத்தில் சீல் உரசி உரசிப் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்து கசியும். இவற்றையெல்லாம் அறிய வண்டியின் முன்பக்கத்தைக் கழுவித் துடைத்து, ஓட்டி, நிறுத்தி, மறுபடி பார்க்க வேண்டும். வரிசையாக வண்டிகள் காத்திருக்கும் பட்டறையில் இப்படிப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம் இருக்கிறது?

வேலையின் ஒவ்வொரு கட்டமும் இதே நேரத்தைத்தான் கேட்கிறது. ஒட்டிப்போன போல்ட்டுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு முழுக்க ஊறவைத்தால் பெரும்பாலும் முழுசாக வரும். அவசரப்பட்டு முறுக்கினால் தலை உடைந்து பாதி உள்ளே நிற்கும். போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. ஒரு அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் குத்திவைக்க வேண்டும். நீளமானது தவறான துளைக்குள் போனால் உள்ளே இருப்பதை இடிக்கும். பழைய கேஸ்கெட்டை அலுமினியத்தில் கீறல் விழாமல் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்ட வேண்டும். புதுச் சீலின் உதட்டில் ஆயில் தடவி, அது உட்பக்கம் பார்க்க நேராக இறக்க வேண்டும். மூடியைத் தளர்வாகப் பொருத்தி, புல்லியைச் சொருகி, சீல் நடுவாக அமர்ந்ததா என்று பார்த்த பிறகே போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். சீலன்ட் பசையை அள்ளிப் பூசினால் பிதுங்கிய துணுக்குகள் சம்ப்பில் விழுந்து ஆயில் வடிகட்டியை அடைக்கும்; மெல்லிய கோடு போதும். அது உலர, டப்பாவில் சொன்ன நேரம் வரை காத்திருக்க வேண்டும். ஊறவைப்பதும் உலரவிடுவதும் பட்டறைக்கு நஷ்டக் கணக்கு. வீட்டு முற்றத்தில் அவற்றுக்குச் செலவே இல்லை.

டைமிங் தவறினால் இன்ஜினே போய்விடுமே என்பது இதற்கு வரும் முதல் எதிர்ப்பு. நியாயமான பயம். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் வண்டி ஒழுங்காக ஓடாது. அதற்குமேல் தவறினால் டீசல் இன்ஜினில் வால்வு பிஸ்டனில் அடிக்கும். ஆனால் மூடியை மாற்றப் பற்சக்கரங்களைக் கழற்ற வேண்டியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கழற்றுவதற்கு முன்பே முதல் சிலிண்டரை கம்ப்ரெஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, குறிகள் நேராக நிற்பதைப் படம் எடுத்துவைத்துக்கொண்டால், மூடி திரும்ப ஏறுகிறவரை அவற்றைத் தொடாமலே வேலை முடியும். எல்லாம் முடிந்ததும் ஸ்டார்ட்டரைத் தொடாமல், கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். அந்த இரண்டு சுற்றில் கேம் ஒரு முறை முழுதாகச் சுற்றிவிடும். எங்காவது கெட்டியாகத் தட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். சங்கிலி தளர்ந்திருந்தாலோ பற்கள் தேய்ந்திருந்தாலோ நிலைமை வேறு. அது அனுபவமுள்ள மெக்கானிக்கின் கைக்குப் போக வேண்டிய வேலை.

கருவிக்கு எங்கே போவது, மெக்கானிக்கின் பிழைப்பு என்னாவது என்பவை அடுத்த கேள்விகள். நல்ல ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்ச், புல்லியை இழுக்கும் புல்லர், வண்டியின் சர்வீஸ் புத்தகம் ஆகியவை போதும். புல்லரை இரவலாகக்கூட வாங்கலாம். புல்லி நட்டைத் தளர்த்த ஸ்டார்ட்டரைத் தட்டிவிடுகிற குறுக்குவழி மட்டும் கூடாது; கையே போய்விடும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மெக்கானிக்குக்கு இதனால் வேலை குறைந்துவிடாது. உடைந்த போல்ட்டை எடுப்பது, வளைந்த முகத்தை லேத்தில் சமன்செய்வது, ஃப்யூவல் பம்ப்பைச் சரிபார்ப்பது எல்லாம் அவருடைய திறமைதான். தன் வண்டியை அறிந்த உரிமையாளர் எது பழுது என்று தெளிவாகச் சொல்லி, அந்தத் திறமைக்கு உரிய கூலியையும் மனமாரக் கொடுப்பார்.

இவ்வளவு பாடுபட்டுப் பழைய வண்டியைக் காப்பாற்ற வேண்டுமா என்று கேட்பவர்களும் உண்டு. 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. பழைய டீசல் இன்ஜின் புதியதைவிடப் புகை கூடுதலாகத் தள்ளும் என்பதும் உண்மை. நகரத்தில் நாள் முழுக்க ஓடுகிற வண்டிக்கு அந்த வாதம் பொருந்தும். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் இடையே கொஞ்ச தூரம் ஓடுகிற ஜீப்புக்கு, ஒரு மூடி கசிகிறது என்பதற்காக முழு வண்டியையும் உடைத்துப் புதியது செய்வது பணத்துக்கும் பூமிக்கும் வீண்செலவு. 2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்கான வரைவைத் தயாரிக்கக் குழு அமைத்தபோது வாகனங்களையும் அதில் சேர்த்தது. உதிரிப்பாகமும் கையேடும் உரிமையாளருக்குக் கிடைத்தால்தான் அந்த உரிமைக்குப் பொருள் உண்டு. பழைய ஜீப்பில் அந்த வாய்ப்பு இன்னும் நம் கையில் இருக்கிறது.

கடைசியாக ஒரு பொறுப்பு. வடித்த ஆயிலும் கூலண்டும் முற்றத்து மண்ணிலோ ஓடையிலோ போகக் கூடாது. இந்த மாவட்டத்தில் ஓடை நீர் குளத்துக்கும் வயலுக்கும்தான் போய்ச் சேருகிறது. பயன்படுத்திய ஆயில், 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயகரமான கழிவு. இரண்டையும் தனித்தனிக் கேனில் பிடித்து மூடிவைத்து, ஆயிலை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளருக்கு அனுப்புகிற பட்டறையில் கொடுங்கள். வைகாசி மழை தொடங்குவதற்கு முன் உங்கள் ஜீப்பின் பானட்டைத் திறந்து முன்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். கசிவு இருந்தால் புது மூடி, கேஸ்கெட், சீல் மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, வண்டி தேவைப்படாத நாட்களாகப் பார்த்து வேலையைத் தொடங்குங்கள்.