சாவு வீட்டுப் பாட்டும் ஸ்டேடியப் பாட்டும்

2009 பிப்ரவரி 8. லாஸ் ஏஞ்சலிஸில் கிராமி விருது விழா. ஜே-ஸீ, கான்யே வெஸ்ட், லில் வெய்ன், டி.ஐ. என்று அமெரிக்க ராப் உலகின் பெரிய தலைகளோடு நிறைமாத வயிற்றுடன் ஒரு தமிழ்ப் பெண் மேடையேறினார். மாதங்கி அருள்பிரகாசம், உலகம் அறிந்த பெயர் எம்.ஐ.ஏ. பிரசவத்துக்கு மருத்துவர்கள் குறித்துக் கொடுத்திருந்த நாளே அதுதான். அந்த மாதத் தொடக்கத்தில் இலங்கையின் போர்க்களமான வன்னியில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீது எறிகணைகள் விழுந்து, நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வெளியேற வேண்டியிருந்தது. சென்னையில் அதற்குச் சற்று முன்னால், ஜனவரி 31 அன்று, போரை நிறுத்தச் சொல்லி உயிரை மாய்த்துக்கொண்ட முத்துக்குமாரின் உடலைக் கொளத்தூரிலிருந்து மூலக்கொத்தளம் வரை பெருங்கூட்டம் சுமந்து வந்தது.

மூலக்கொத்தளம் வடசென்னையின் மயானம். 1939இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் உயிரிழந்த நடராசனையும் தாளமுத்துவையும் அடக்கம் செய்த இடமும் அதுதான். அரசியலும் சாவும் பாட்டும் ஒன்றோடொன்று கலந்தே இருக்கும் இந்தப் பகுதியிலிருந்து பார்த்தால், மேற்கத்திய ராக் குழுக்களைப் பற்றி அடிக்கடி எழும் கேள்வி வேறு மாதிரித் தெரிகிறது. போரில் அடிபட்டவர்களின் வலியை எடுத்து அரசியல் பாட்டாக்கி மேடையேற்றலாமா? ஏற்றலாம் என்றால், அந்த வலிக்குச் சொந்தக்காரர்கள் அந்தப் பாட்டில் எங்கே இருக்கிறார்கள்?

எம்.ஐ.ஏ. பிறந்தது லண்டனில், 1975இல். கைக்குழந்தையாகவே இலங்கை போனார். யாழ்ப்பாணத்திலும் சில காலம் சென்னையிலும் வளர்ந்து, 1986இல் தாயோடு லண்டன் திரும்பினார். தந்தை ஈழப் போராளி அமைப்பான ஈராஸ் இயக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். அவருடைய இயக்கப் பெயரான ‘அருளர்’தான் மகளின் முதல் ஆல்பத்துக்குப் பெயரானது, வெளிவந்த ஆண்டு 2005. இரண்டாவது ஆல்பம் தாயின் பெயரில், ‘கலா’. அதற்காகச் சென்னைக்கு வந்து உறுமிக்காரர்களை வைத்து ஒலிப்பதிவு செய்தார். கிராமி விழாவுக்குச் சில நாட்கள் முன்பு அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, ஈழத்தில் நடப்பது இனப்படுகொலை என்று நேருக்கு நேர் சொன்னார். அந்த வார்த்தையை அப்போது அங்கே சொன்னவர்கள் மிகச் சிலரே.

அவர் மீது விழுந்த கல்லடியும் குறைவில்லை. துப்பாக்கியும் புலியும் போட்ட படங்களால் போரை ஃபேஷனாக்குகிறார் என்றார்கள். பயங்கரவாதத்துக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று ஒரு சிங்கள ராப் பாடகர் அவருடைய பாட்டை வைத்தே எதிர்ப்பாட்டு போட்டார். 2010இல் வந்த ‘பார்ன் ஃப்ரீ’ காணொளியில் ஈழம் என்ற பெயரே கிடையாது. செம்பட்டை முடி கொண்ட இளைஞர்களைச் சிப்பாய்கள் பிடித்து வண்டியில் ஏற்றுகிறார்கள், வெட்டவெளியில் ஓடவிட்டுக் கொல்கிறார்கள். யூடியூப் அதற்குக் கட்டுப்பாடு போட்டது. கண்ணைக் கட்டி நிர்வாணமாக நிறுத்திச் சுடப்பட்ட தமிழ் ஆண்களின் நிஜக் காணொளி வந்தபோது கண்டுகொள்ளாதவர்கள், நடிகர்களும் போலி ரத்தமும் கொண்ட இந்தக் காணொளிக்குப் பதறுகிறார்களே என்பது அவருடைய வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. செம்பட்டை முடி என்ற மாற்றத்தால், இறந்த எவருடைய முகமும் கடன் வாங்கப்படவில்லை என்பதும் அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியது.

இந்த வரலாற்றில் இன்னும் சிக்கலான நிகழ்ச்சி 1993இல் நடந்தது. அயர்லாந்தின் யூ2 குழு ஐரோப்பா முழுக்கப் பெரிய பெரிய திரைகளோடு ‘ஸூ டிவி’ என்ற சுற்றுப்பயணத்தை நடத்திக்கொண்டிருந்தது. போஸ்னியாவின் சரயேவோ நகரம் அப்போது முற்றுகையில். முற்றுகையிட்டவர்கள் மலைமேலிருந்து குறிபார்த்துச் சுட்டார்கள். தண்ணீர் பிடிக்கப் போனவர்கள் பிணமாகத் திரும்பினார்கள். பில் கார்ட்டர் என்ற இளம் அமெரிக்கர் நகருக்குள் உதவிப் பணியில் இருந்தார். அவருடைய யோசனைப்படி, கச்சேரிக்கு நடுவே செயற்கைக்கோள் வழியாகச் சரயேவோவின் மக்களை நேரலையில் ஸ்டேடியத் திரையில் கொண்டு வந்தார்கள். ஒத்திகை கிடையாது, எழுதிக் கொடுத்த வசனம் கிடையாது. ஆடிக்கொண்டிருந்த பல்லாயிரம் பேர் திடீரென்று நின்றுவிடுவார்கள்.

ஆகஸ்டில் லண்டன் வெம்பிளி ஸ்டேடியத்தில் மூன்று பெண்கள் திரையில் வந்தார்கள். அவர்களில் ஒருவர் பாடகர் போனோவிடம் சுற்றிவளைக்காமல் சொன்னார்: எங்களுக்காக நீங்கள் எதுவும் செய்யப் போவதில்லை, இதோ, ஆட்டபாட்டத்துக்குத் திரும்பிவிடுவீர்கள், நாங்கள் இருந்ததையே மறந்துவிடுவீர்கள், நாங்கள் சாகத்தான் போகிறோம். போனோவுக்குப் பதில் பேச வாயெழவில்லை. அதன்பின் அடுத்த பாட்டை எப்படித் தொடங்குவது? அடுத்தவர் துன்பத்தை நம் கேளிக்கைக்குப் பயன்படுத்துகிறோமோ என்று குழுவின் டிரம் கலைஞர் லாரி மல்லன் ஆரம்பத்திலிருந்தே உறுத்தலோடு இருந்தவர். பத்திரிகைகளும் கடுமையாக எழுதின. சில கச்சேரிகளோடு நேரலை நின்றுபோனது.

இந்த நிகழ்ச்சியைப் பலரும் யூ2வின் தோல்வியாகவே எழுதுகிறார்கள். ஆனால் போரைப் பாடிய எத்தனையோ ராக் மேடைகளில், பாதிக்கப்பட்டவர் மைக்கில் வந்து பாடகரைக் கேள்வி கேட்க முடிந்த மேடை வேறு எது? அந்தப் பெண்ணின் கோபத்துக்கு இடம் கொடுத்ததுதான் அந்த நேரலையின் ஒரே தகுதி. அதை நிறுத்தியபோது அந்தத் தகுதியும் போனது.

யூ2 அதோடு விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முற்றுகைக்கு நடுவே ஒரு நிலவறையில் அழகிப் போட்டி நடத்தி, “எங்களைக் கொல்ல விடாதீர்கள்” என்ற பதாகையைப் பிடித்து நின்ற பெண்களைக் கார்ட்டர் படம் எடுத்திருந்தார். அதிலிருந்து 1995இல் இத்தாலியப் பாடகர் பவரோட்டியும் சேர்ந்து பாடிய ‘மிஸ் சரயேவோ’ பிறந்தது. போர் முடிந்து 1997 செப்டம்பர் 23 அன்று சரயேவோவின் கோஷேவோ ஸ்டேடியத்திலேயே குழு கச்சேரி செய்தது. போனோவுக்கு அன்று தொண்டை கட்டிக்கொண்டது. கூட்டமே பாடிக் கரை சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் போஸ்னியாவின் மோஸ்தர் நகரில், போரில் அடிபட்ட பிள்ளைகளுக்காகப் பவரோட்டியின் பெயரில் ஓர் இசை மையம் திறக்கப்பட்டது. பாட்டு முடிந்த பிறகும் அங்கே ஒரு கட்டடம் நின்றது, வகுப்பு நடந்தது.

காசு விஷயத்தில் நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இந்தியாவோடு தொடர்புள்ள உதாரணமே உண்டு. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்திய பங்களாதேஷ் கச்சேரியில் டிக்கெட் விற்று வந்த இரண்டு லட்சத்துச் சொச்சம் டாலர் உடனே யுனிசெஃப்புக்குப் போனது. இசைத்தட்டும் திரைப்படமும் ஈட்டிய பெரும்பணமோ வரிச் சிக்கலில் மாட்டிப் பல ஆண்டுகள் முடங்கியது.

அயர்லாந்தின் இன்னொரு குழு, க்ரான்பெரீஸ். 1993 மார்ச் 20 அன்று இங்கிலாந்தின் வாரிங்டன் கடைத்தெருவில் ஐரிஷ் ஆயுதக் குழுவான ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டுகள் வெடித்தன. மூன்று வயதுக் குழந்தை ஒன்று அங்கேயே இறந்தது. 12 வயதுச் சிறுவன் ஐந்து நாள் கழித்து இறந்தான். அந்தக் கோபத்தில் டொலோரஸ் ஓ’ரியார்டன் எழுதிய ‘ஸோம்பி’ 1994இல் வெளிவந்து உலகமெங்கும் ஓடியது. சென்னைக் கல்லூரி விழாக்களில் கிட்டார் பிடித்த எத்தனையோ பேர் அதைப் பாடியிருக்கிறார்கள். 2018 ஜனவரியில் டொலோரஸ் இறந்தபோதுதான், அந்தப் பாட்டு தன் மகன் சாவிலிருந்து பிறந்தது என்று அந்தச் சிறுவனின் தந்தைக்கே தெரியவந்தது. வேலையிடத்தில் தகவல் அறிந்த மனைவி வீட்டில் வந்து சொன்னார். அவர் கணினியில் பாட்டைப் போட்டுக் கேட்டார், வரிகளைப் படித்தார், பிபிசியிடம் நெகிழ்ந்து பாராட்டினார். கோபப்படவில்லை. ஆனாலும் கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு அந்தப் பாட்டு ஊர் ஊராகச் சுற்றியிருக்கிறது, அந்த வீட்டுக் கதவை மட்டும் யாரும் தட்டவில்லை. 2023இல் ரக்பி உலகக் கோப்பையின்போது அயர்லாந்து ரசிகர்கள் அதையே வெற்றிப் பாட்டாகப் பாடினார்கள்.

வடசென்னையின் மரண கானாவில் இப்படி நடக்க வழியே இல்லை. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது என்றால், ராத்திரி கானாக்காரர்கள் வந்து உட்காருவார்கள். டோலக், டேப், ஒரு ஆர்மோனியப் பெட்டி, ஒரு மைக் செட். பாட ஆரம்பிக்கும் முன் வீட்டாரிடம் கேட்பார்கள்: “அண்ணே, அப்பா பேரு என்னா? பசங்க எத்தினி பேரு? எப்படிண்ணே ஆச்சு?” ஹார்பரில் மூட்டை தூக்கியவரா, விசைப்படகில் போனவரா, கம்பெனியில் வேலை பார்த்தவரா என்பதெல்லாம் அந்த விசாரிப்பில் வந்துவிடும். விடிவதற்குள் அவருடைய பெயர், பொண்டாட்டி பெயர், பேரப்பிள்ளை பெயர் எல்லாம் பாட்டில் ஏறிவிடும். கேட்பவர்கள் மூன்றடி தூரத்தில் அழுதுகொண்டு இருக்கிறார்கள். தப்பாக ஒரு சொல் விழுந்தால் அங்கேயே நிறுத்துவார்கள். அடுத்தவர் வலியைப் பாடுவதற்கு இதைவிடக் கடுமையான தணிக்கை எந்த நாட்டிலும் கிடையாது.

அந்த மண்ணிலிருந்து வந்த கானாவையும் ராக், ராப் இசையையும் சேர்த்து உருவானதுதான் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’. இயக்குநர் பா.இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து தொடங்கினார்கள். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. ராயபுரத்தில் பிறந்த கானா பாடகி இசைவாணி அதில் பாடினார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது. இட ஒதுக்கீடு, மாட்டுக்கறி, கையால் மலம் அள்ளும் கொடுமை என்று அவர்கள் பாடியது தங்கள் வீட்டு விஷயம். செய்திக்கும் பாட்டுக்கும் நடுவே தூரமே இல்லை.

அந்தக் குழுவில் இருந்த அறிவுதான் 2021 மார்ச்சில் வந்த ‘என்ஜாய் எஞ்சாமி’யை எழுதிப் பாடியவர்களில் ஒருவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் பெட்டிப் படுக்கையோடு தமிழ்நாட்டுக்கு வந்த தன் பாட்டி வள்ளியம்மாளின் கதை அதில் இருக்கிறது என்று அவர் சொன்னார். அந்த ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது 5,25,000 பேரை. அவர்களை யாரும் கேட்கவில்லை. காணொளியில் பாட்டியே அரியணையில் வந்து உட்கார்ந்தார். வலிக்குச் சொந்தக்காரர் திரையில் தலைநிமிர்ந்து இருந்த அபூர்வமான பாட்டு அது. அப்படியிருந்தும், 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் உடன் பாடிய தீ இருந்தார், அறிவு இல்லை. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவிலும் அவர் இல்லாமல் பாட்டு ஒலித்தது. பாட்டில் யார் பங்கு எவ்வளவு என்பதில் அறிவும் தீயும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனும் வெவ்வேறு விதமாகப் பேசினார்கள். தங்களுக்கு அந்தப் பாட்டிலிருந்து வருமானமே வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் வெளிப்படையாகச் சொன்னார்.

போர் இல்லாத இடத்திலும் அதே கேள்வி வருகிறது. 2017 பொங்கலன்று வெளியான ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ எண்ணூர் முகத்துவாரத்தைப் பற்றியது. வரிகள் கேபர் வாசுகி. பாடியவர் கர்நாடக இசைக்கலைஞர் டி.எம்.கிருஷ்ணா. சபா மேடையில் பாடாமல், அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டிய கொசஸ்தலையாற்றுக் கரைக்கே போய் முகமூடியோடு நின்று பாடினார். அந்த மாதம் 28ஆம் தேதியே காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர் பாரதியார் நகர் கரையில் அந்தக் கருங்குழம்பை ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். பாட்டு பிரபலமானது, எண்ணூரின் பெயர் தென்சென்னைக்கும் தெரிந்தது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் வந்து அதே ஆற்றில் படிந்தபோது, வலையும் படகும் நாசமான மீனவர்கள் மறுபடி நிவாரணத்துக்கு வரிசையில் நின்றார்கள். அதற்குப் பாட்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பாட்டு தொட்டுவிட்டதாலேயே ஒரு பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நகரம் நினைத்துக்கொள்கிறது, அது ஆபத்து.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டு, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உறுதியானது. யாருடைய கதை பாட்டானதோ அவருக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. பாட்டி சொன்ன கதைக்குப் பங்கு கிடையாது, ஸ்டேடியத் திரையில் வந்து பேசியவருக்கும் கிடையாது. அப்படி ஒரு பங்கைக் குழுக்கள் தாங்களாகவே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளத் தடையேதும் இல்லை.

திருவொற்றியூர், எண்ணூர் வழியாகப் போகும் மின்சார ரயிலில் ஏறினால் கும்மிடிப்பூண்டி வந்துவிடும். அங்கே ஈழத்திலிருந்து வந்தவர்களின் முகாம் இருக்கிறது. புழல் காவாங்கரையில் இன்னொன்று. 2021இல் தமிழக அரசு இவற்றின் பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பெயர் இல்லை. இங்கேயே பிறந்து பெயின்டிங் வேலைக்குப் போகும் பிள்ளைகளில் பலருக்கு இன்றும் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. ஈழத்தை வைத்து உலகமெங்கும் எத்தனையோ பாட்டுகள் வந்தாகிவிட்டன. அவற்றில் ஒன்றின் வருமானத்திலாவது இந்த முகாம்களில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் கட்டி, கானாக்காரர்கள் சாவு வீட்டில் விசாரிப்பது போல அந்தப் பிள்ளைகளிடம் பெயர் கேட்டு, அவர்கள் பாடுவதை அவர்கள் பெயரிலேயே வெளியிட எந்தக் குழுவும் முன்வரலாம்.