பழைய நாற்காலியை விற்கலாமா?

மட்டாஞ்சேரி யூதத் தெருவில், 1568-ல் எழுந்த ஆலயத்திற்குச் செல்லும் வழியில் நிற்கும் பழம்பொருட் கடைகளை நம் அன்பர்கள் அறிவார்கள். மிளகும் சுக்கும் நிறைந்திருந்த பண்டகசாலைகளில் இன்று ஈட்டி மரக் கட்டில்களும் பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலிகளும் அடுக்கப்பட்டுள்ளன. 1950-களில் கொச்சி யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். கடல் கடந்து போகிறவர் கட்டிலைத் தலையிலா சுமந்து செல்வார்? ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இது புரியாத செய்தியன்று.

நம் இல்லங்களிலும் பாட்டனார் காலத்து மேசையோ பெட்டியோ மூலையில் கிடக்கிறது. அதை விற்றுவிட்டு இரும்பு அலமாரி வாங்கலாமென்று வீட்டில் பேச்சு எழுவதும் உண்டு. அப்படி எண்ணுவோர் ஒரு தமிழரின் கதையைக் கேட்பது நலம்.

ஆனந்த குமாரசுவாமி 1877-ல் கொழும்பில் பிறந்தவர். தந்தையார் சர் முத்துக் குமாரசுவாமி. இலங்கையில் நிலவியல் ஆராயச் சென்ற இவர், அந்நாட்டுக் கைத்தொழில்கள் நலிவதைக் கண்டு மனம் நொந்தார். இங்கிலாந்தில் அந்நாளில் வில்லியம் மாரிஸ் வழிவந்தோர், எந்திரத்தின் மலிவுப் பொருள்களை வெறுத்து, கைவினையைப் போற்றி வந்தனர். மரத்தின் இயல்பை மறைக்காதே, இணைப்பை ஒளிக்காதே என்பது அவர்தம் தச்சு நெறி. அவர்களுள் ஒருவரான ஆஷ்பி, 1902-ல் தம் தொழிலாளரை இலண்டனிலிருந்து சிப்பிங் கேம்ப்டன் என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றார். அருகே சிதைந்து கிடந்த நார்மன் சேப்பல் என்ற கட்டடத்தைக் குமாரசுவாமிக்காகச் செப்பனிட்டுக் கொடுத்தவரும் அவரே. மாரிஸ் பயன்படுத்திய கையச்சுப் பொறியிலேயே, கண்டி நாட்டுக் கலைகளைப் பற்றிய தம் பெருநூலைக் குமாரசுவாமி அங்கு 1908-ல் அச்சிட்டு முடித்தார். படிகள் 425 மட்டுமே! ஆஷ்பியின் தொழிற்கூடமோ, மலிவுப் போலிகளோடு போட்டியிட இயலாமல் அதே காலத்தில் கலைந்து போயிற்று.

போலி நம் ஊரிலும் உண்டு. கடையில் மங்கலாகத் தெரிவதெல்லாம் பழமையன்று. இழுப்பறையை வெளியே எடுத்து அடிப்பலகையைத் தடவிப் பாருங்கள். கையால் இழைத்ததாயின் மெல்லிய மேடுபள்ளம் விரலுக்குத் தட்டும். வட்ட ரம்பம் அறுத்த மரத்தில் வளைகோடுகள் இருக்கும். கைரம்பத்தின் கோடுகள் நேரானவை. மூலையிலுள்ள புறாவால் இணைப்புகள் சற்றே ஒன்றுக்கொன்று மாறுபட்டால் உளி பிடித்த கை அங்கே தெரிகிறது. ஒரே பலகைபோல் அமைந்த பழைய வட்ட மேசையைக் குறுக்கும் நெடுக்கும் அளந்தால் இரண்டும் ஒத்து வாரா. மரம் நாரின் குறுக்கேதான் மிகுதியாகச் சுருங்கும். நீளவாட்டில் அவ்வளவாகச் சுருங்காது.

ஆகவே, கால் ஆடுகிறதென்று நாற்காலியை விற்றுவிடாதீர்கள். அவசரப்பட்டு இரும்பாணியும் அறையாதீர்கள். ஆணி மரத்தைப் பிளக்கும், துருவும் ஏறும். நல்ல ஆசாரியை அழைத்தால், கழுந்தை மெல்லக் கழற்றிப் பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதுப் பசையிட்டு மர ஆணியால் இறுக்கித் தருவார்; பசை உலரும்வரை ஓரிரு நாள் அதில் உட்காராதிருந்தால் போதும்.