கொட்டேஷனில் மூன்று எழுத்து: வழியில் சரக்கு உடைந்தால் நஷ்டம் யாருக்கு?

தீபாவளிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து குத்துவிளக்கு, சேலை, பாத்திரம் தருவிக்கும் கடைக்காரர்களும், இங்கிருந்து முறுக்கு, மசாலைத் தூள் வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறு வியாபாரிகளும் கொட்டேஷனில் முதலில் பார்ப்பது விலையைத்தான். அதன் பக்கத்தில் இருக்கும் எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். போன்ற மூன்று எழுத்துகளைப் பலரும் கவனிப்பதில்லை. சரக்கு சேதமானால் பணம் யார் கையைவிட்டுப் போகும் என்பதை முடிவு செய்வது அந்த எழுத்துகளே.

இவை ‘இன்கோடெர்ம்ஸ்’ எனும் விதிகள். பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட அனைத்துலக வர்த்தகச் சபை 1936இல் இவற்றை முதன்முதலாக வெளியிட்டது. 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் 11 விதிகள் உள்ளன. கப்பல் கூலி, காப்புறுதி, சுங்க வேலை ஆகியவற்றை யார் பார்ப்பது, சரக்கின் பொறுப்பு எந்த இடத்தில் கைமாறுகிறது என்பவற்றை இவை வரையறுக்கின்றன.

சரக்கு வாங்குபவர்களுக்கு

கிள்ளானில் உள்ள ஒரு கடைக்காரர் ‘சி.ஐ.எஃப். போர்ட் கிள்ளான்’ என்ற விலையில் சென்னையிலிருந்து விளக்குகள் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கப்பல் கூலியும் காப்புறுதியும் விற்பவர் செலவு. ஆகவே, சரக்கு இங்கு வந்து சேரும்வரை பொறுப்பும் அவருடையதே என்று தோன்றும். உண்மை அதுவல்ல. சென்னையில் கப்பலில் ஏற்றியவுடன் பொறுப்பு வாங்குபவருக்கு மாறிவிடுகிறது. நடுக்கடலில் சேதம் என்றால் காப்புறுதி நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வேண்டியவர் கிள்ளான் கடைக்காரர்தான்.

அந்தக் காப்புறுதியிலும் ஒரு சிக்கல். சி.ஐ.எஃப். விதிப்படி விற்பவர் அடிப்படைக் காப்புறுதி எடுத்தாலே போதும். கப்பல் மூழ்குதல், தீ விபத்து போன்றவற்றுக்கு அதில் இழப்பீடு உண்டு. திருட்டுக்கும், சரக்கைக் கையாளும்போது ஏற்படும் உடைசலுக்கும் கிடையாது. விரிவான காப்புறுதி வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டு ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். இல்லையெனில் சி.ஐ.பி. விதியைக் கேட்கலாம். 2020 பதிப்பின்படி அதில் விரிவான காப்புறுதி கட்டாயம். ஆனால், சரக்கைச் சரியாகக் கட்டாததால் வரும் சேதத்துக்கு அதிலும் இழப்பீடு கிடைக்காது.

சரக்கு அனுப்புபவர்களுக்கு

கொள்கலனில் அனுப்பும் சரக்குக்கு எஃப்.ஓ.பி. பொருத்தமானதல்ல. கொள்கலன் துறைமுக முனையத்தில் சில நாள் காத்திருக்கலாம். கப்பலில் ஏற்றும்வரை அது விற்பவர் பொறுப்பிலேயே இருக்கும். எஃப்.சி.ஏ. விதியில், சொன்ன இடத்தில் சரக்கை ஒப்படைத்ததும் பொறுப்பு முடிகிறது.

டி.டி.பி. விதிக்கு ஒப்புக்கொள்ளும் முன் நன்றாக யோசிக்க வேண்டும். வாங்குபவர் நாட்டின் சுங்க வரி உட்பட எல்லாச் செலவும் விற்பவர் தலையில் விழும்.

விதிகள் சொல்லாதவை

பணம் எப்போது செலுத்துவது, சரக்கு எப்போது வாங்குபவரின் சொத்தாகும், தரம் குறைந்தால் என்ன செய்வது, தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம் செல்லும் ஆகியவற்றை இன்கோடெர்ம்ஸ் தொடுவதில்லை. இவற்றை ஒப்பந்தத்தில் தனியாக எழுத வேண்டும்.

மூன்று எழுத்தோடு இடத்தின் பெயரும் பதிப்பு ஆண்டும் இருப்பது அவசியம். உதாரணத்துக்கு, ‘சி.ஐ.பி., போர்ட் கிள்ளான், இன்கோடெர்ம்ஸ் 2020’. முன்பணம் கட்டுவதற்கு முன் அந்த வரியைக் கப்பல் முகவரிடம் காட்டி விளக்கம் கேட்டுக்கொள்வது நல்லது.