நாலரை மணிக்குப் பொட்டலில் யார் நிற்பது?

நம் திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் கால்பந்து ஆட ஆசைப்படும் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. பந்துக்கும் அவ்வளவு பஞ்சமில்லை. நாலு பேர் காசு போட்டால் ஒன்று வாங்கிவிடலாம். பஞ்சமெல்லாம் ஒரே ஒரு ஆளுக்குத்தான். சாயங்காலம் நாலரை மணிக்குத் தவறாமல் பொட்டலுக்கு வந்து நிற்கிற ஒரு ஆள். அந்த ஆள் ஏன் நம் பாலிடெக்னிக் மாணவராக இருக்கக் கூடாது?

"எனக்கே ஒழுங்கா ஆட வராதே, நான் எங்கே கோச் ஆகிறது?" என்பீர்கள். பத்து வயதுப் பையனுக்குக் கற்றுத்தர மாரடோனா தேவையில்லை. ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும், பொறுமை வேண்டும், சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம்.

கால்பந்து நம் பக்கத்து விளையாட்டு இல்லை என்று ஒதுக்கவும் வேண்டாம். 1879-இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, மதுரையில் பள்ளிக்கூடம் போன நாட்களில் பாடப் புத்தகத்தைவிடக் கால்பந்தையும் மல்யுத்தத்தையும்தான் அதிகம் விரும்பினார் என்று அவர் வரலாறு சொல்கிறது. அது பழைய கதை என்றால், புதிய கதையும் உண்டு. 2016-இல் தொடங்கிய மதுரை சேது எஃப்.சி. பெண்கள் அணியை நிறுவிய சீனி முகைதீன், நம் காரியாபட்டிப் பக்கம் உள்ள சேது தொழில்நுட்பக் கல்லூரியின் நிர்வாகத்தைச் சேர்ந்தவர். அந்த அணி 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று, இந்தியப் பெண்கள் லீக் பட்டத்தைக் கொண்டுவந்தது. மணிப்பூர்க்காரர்களைக் கால்பந்தில் ஜெயிப்பது என்றால் சும்மாவா?

கடலூரில் மாரியப்பன் என்ற பயிற்சியாளர், 2004 சுனாமிக்குப் பிறகு பெற்றோரை இழந்த பெண் பிள்ளைகளையும் ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளையும் சேர்த்துப் பந்து பழக்கினார். அவரிடம் பழகிய இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடினார். 2018-இல் கட்டக்கில் தமிழ்நாடு பெண்கள் அணி மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தி முதல் தடவையாக தேசிய சாம்பியன் ஆனபோது அந்த அணியிலும் இருந்தார். இந்தப் பெயர்கள் எல்லாம் பேப்பரில் வருவதற்கு எத்தனையோ வருஷம் முன்பே, யாரோ ஒருவர் சாயங்காலம் மைதானத்தில் நின்றிருக்கிறார். அதுதான் விஷயம்.

சரி, எப்படி ஆரம்பிப்பது? முதலில் இடம். கரிசல் தரை வேண்டாம். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், கால் சிக்கினால் கணுக்கால் பிசகும். மழை பெய்தால் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். செம்மண் பொட்டலோ பள்ளிக்கூட மைதானமோ உத்தமம். பள்ளிக்கூடம் என்றால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிஷம் எல்லோரும் வரிசையாக நடந்து சீமைக் கருவேல முள்ளையும் கண்ணாடித் துண்டையும் பொறுக்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் வெறுங்காலோடுதான் வருவார்கள் என்பதை மறக்காதீர்கள்.

அடுத்தது பந்து. பெரியவர்கள் ஆடும் 5-ஆம் நம்பர் பந்து 410 முதல் 450 கிராம் எடை. எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு 4-ஆம் நம்பர். அது 350 முதல் 390 கிராம். அதைவிடச் சின்னவர்களுக்கு 3-ஆம் நம்பர். கனமான பந்தைச் சின்னக் கால் உதைத்தால் உதைக்கும் முறையே கெட்டுப்போகும். தலையால் முட்டப் பழக்குவதைச் சின்னப் பிள்ளைகளிடம் அறவே விட்டுவிடுங்கள். மூளைக்குக் கெடுதல் வரலாம் என்ற பயத்தில், இங்கிலாந்தில் 2020-இலேயே ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பயிற்சியில் நம் ஊரில் வழக்கமாக நடப்பது என்ன? இருபது பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், ஒரே பந்து, கோச் விசில் ஊதுவார், ஒவ்வொருவராக ஓடிவந்து உதைப்பார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு பையன் காலில் பந்து பட்டது பத்துத் தடவை இருந்தால் அதிகம்! இதற்குப் பேர் பயிற்சி இல்லை, ரேஷன் கடைக் கியூ. நாலுக்கு நாலு பேராகப் பிரியுங்கள். 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்தில் சுண்ணாம்புக் கோடு, இரண்டு செங்கல்தான் கோல். இரண்டு பந்து, இரண்டு கட்டம் இருந்தால் பதினாறு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். மீதி நாலு பேர் வட்டமாக நின்று, நடுவில் ஒருத்தனை விட்டு அவனிடம் சிக்காமல் பந்தைத் தட்டி ஆடட்டும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஆள் மாற்றுங்கள். நீங்கள் கத்தவே வேண்டாம், ஆட்டமே சொல்லிக்கொடுக்கும்.

இன்னொன்று, இது முக்கியம். "இவன் நல்லா ஆடுறான், இவன் தேற மாட்டான்" என்று பத்து வயதில் பிரிக்காதீர்கள். வயதுப் பிரிவை ஜனவரி 1 வைத்துக் கணக்கிட்டால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் வருவார்கள். இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரு வருஷ வளர்த்தி வித்தியாசம். வருஷத்தின் முன்பாதியில் பிறந்த பிள்ளைகளே இளையோர் அணிகளுக்கு அதிகம் தேர்வாகிறார்கள் என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். அதாவது நாம் திறமை என்று நினைப்பது சில சமயம் வெறும் உயரம். எல்லோருக்கும் சம நேரம் ஆட்டம் கொடுங்கள். ஓரத்தில் உட்கார வைக்கப்பட்ட பையன் இரண்டு வாரத்தில் வராமல் போவான். பெண் பிள்ளை என்றால் அடுத்த நாளே வீட்டில் நிறுத்திவிடுவார்கள்.

கோல் போஸ்ட் விஷயத்தில் நம்மவர்களுக்குத் தனி வேலை இருக்கிறது. ஜி.ஐ. பைப் வாங்கி நம் ஒர்க்‌ஷாப்பிலேயே வெல்டு பண்ணலாம். சிறுவர்களுக்கு 12 அடி அகலம், 6 அடி உயரம் போதும். ஆனால் நகர்த்துகிற மாதிரி செய்தால், பின்பக்கக் கம்பியைத் தரையில் முளை அடித்து இறுக்கியோ மணல் மூட்டை வைத்தோதான் நிறுத்த வேண்டும். பிள்ளைகள் மேல்கம்பியில் தொங்குவார்கள், தடுக்கவே முடியாது. நிலையாகக் கட்டாத போஸ்ட் சாய்ந்து தலையில் விழுந்து பிள்ளைகள் இறந்தது பல நாடுகளில் நடந்திருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் படுக்கப் போட்டுச் சங்கிலி போடுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் ஐந்தரைக்கு முன் ஓடவிடாதீர்கள். கால் மணிக்கு ஒரு தடவை தண்ணீர். தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்றால் நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் ஈரத்துணி. பேச்சுக் குழறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108.

பெற்றோரிடம் போய்ப் பேசுங்கள். எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்காதீர்கள். எல்லாம் திறந்த மைதானத்தில், இரண்டு பெரியவர்கள் முன்னிலையில் நடக்கட்டும். அடிப்பது, சாதியைச் சொல்லித் திட்டுவது, இரண்டும் கூடவே கூடாது. ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடக்கிறது என்று தெரிந்தால், 2012-ஆம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி தெரிவிக்க வேண்டியது உங்கள் கடமை. சிறுவர் உதவி எண் 1098.

பதினெட்டு வயது நிரம்பியவர்கள் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் 'டி' லைசென்ஸ் வகுப்புக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு மேல் சி, பி, ஏ என்று படிகள் போகும். விருதுநகர் மாவட்ட விளையாட்டு அலுவலரையும் ஒரு நடை பார்த்து வையுங்கள். ஆனால் லைசென்ஸ் கைக்கு வரட்டும் என்று காத்திருந்தால் பிள்ளைகளுக்கு மீசை முளைத்துவிடும்.

நம் படிப்பு மூன்று வருஷம்தான். ஃபைனல் இயர் முடிந்ததும் திருப்பூரோ ஓசூரோ போய்விடுவோம், பொட்டல் காலியாகிவிடும். ஆகவே முதல் வருஷ மாணவர் ஒருவரை ஆரம்பத்திலேயே கூட வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டுப் போடுங்கள்: பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, வீட்டு போன் நம்பர், யாருக்கு வீசிங், யாருக்கு வலிப்பு, யார் வருகிறார், யார் நாலு நாளாக வரவில்லை. போகும்போது அந்த நோட்டையும் பந்துப் பையையும் காற்றடிக்கும் பம்பையும் அவர் கையில் கொடுங்கள். பம்பின் ஊசி அடிக்கடி தொலையும். இரண்டாக வாங்கி வையுங்கள்.